விமான நிலையத்தில் வாங்கிய பேய்முகம்

அக்காவுக்காக ஒரு வருஷமாகச் சேர்த்த சாமான்கள் கண்டி பஸ்ஸின் கூரையில் ஏறிப் போய்விட்டன. நாங்கள் ஏறியது கொழும்பு பஸ். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தது என் கணவர்தான். "கூரையில ஏத்தியாச்சு" என்று கையைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எந்தக் கூரை என்று நானும் கேட்கவில்லை.

பெட்டிக்குள் இரண்டு நைலான் புடவை, அத்தானுக்கு ஒரு டார்ச் லைட்டும் குடையும், ஒரு டின் நிறைய மாசிக் கருவாடு. அந்த மாசிக்காக அக்கா எத்தனை கடிதம் எழுதியிருப்பாள்! கொழும்பில் இறங்கிக் கூரையைப் பார்த்துவிட்டு நான் அழுகிற நிலையில் நின்றேன். இவர் மட்டும் கலங்கவில்லை.

"ஏர்போட்டுல எல்லாம் கிடைக்கும்" என்றார். அதுவரை ஏர்போட்டின் வாசலைக்கூட இவர் பார்த்ததில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எல்லாம் கிடைக்கத்தான் செய்தது, எங்களுக்கு வேண்டியதைத் தவிர. ஊருக்குத் திரும்புகிற வெள்ளைக்காரர்களுக்காகவே வைத்த கடை அது. பித்தளை யானை, மர யானை, யானைப் படம் போட்ட துணி. மாசி இருக்கிறதா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. விமானத்துக்கு அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். இவர் கையில் அகப்பட்டதை எடுத்தார்: பெரஹர ஊர்வல யானைகள் வரிசையாகப் போகும் பத்திக் துணி ஒன்று, செதுக்கு வேலை செய்த மரப்பெட்டியில் அடைத்த சிலோன் தேயிலை, பிறகு ஒரு பேய்முகம்.

பேய்முகத்தை நான் வேண்டாம் என்றேன். மஞ்சள் முகம், பிதுங்கிய கண்கள், வெளியே தள்ளிய நாக்கு, கன்னத்தின் மேல் ஏறும் பாம்பு. கடைக்காரர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "சாதாரண முகம் இல்லை இது. ஆளைச் செவிடாக்குகிற பேய். இதைக் கும்பிட்டு அனுப்பிவிட்டால் வீட்டில் யாருக்கும் காது போகாது. கடைசி உருப்படி, விலையைக் குறைத்துத் தருகிறேன்."

விலை குறைகிறது என்றதும் இவருக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. பேய் அங்கேயே வேலையைத் தொடங்கிவிட்டது போலிருந்தது.

இப்படியாகத்தான், கல்யாணமான நாளிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய என் அக்காவுக்குப் பரிசாகத் தேயிலையை எடுத்துக்கொண்டு நாங்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டோம். எழுபதுகளின் கடைசியில், நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தின் ஆகஸ்டு விடுமுறையில்.

அக்கா எப்படி அந்தக் கரைக்குப் போனாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாங்கள் குடியிருந்தோம். தோட்டத்துச் சனங்களை இரண்டு அரசாங்கங்களும் ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்ட காலத்தில் அத்தான் இந்தியாவுக்குக் கையெழுத்துப் போட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்த என் கணவர் இலங்கைக்குப் போட்டார். அதன் பிறகு அந்தச் சுவருக்கு நடுவே கடல் வந்துவிட்டது. இரண்டு வருஷம் முன்னால் எங்கள் பக்கம் கலவரம் வந்து வீட்டுக் கூரையில் கல் விழுந்தபோது அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அதிலிருந்து, 'மாசி கொண்டு வா' என்று எழுதி வந்தவள் 'வந்துவிடு' என்று எழுத ஆரம்பித்தாள். வெறும் விருந்துக்கு அழைக்கவில்லை என்று எங்களுக்கும் தெரியும். போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஒப்புக்கொண்டுதான் கிளம்பினோம்.

திருச்சியில் சுங்க அதிகாரி காகிதத்தைப் பிரித்து ஒரு அடி பின்னால் போனார்.

"இது என்னம்மா?"

"பேய்."

"வேற எலக்ட்ரிக் சாமான் ஏதும் இருக்கா? டேப் ரிக்கார்டர்?"

"இல்லைங்க. பேய் மட்டும்தான்."

"அப்பப் போங்க" என்று அவரே அதைச் சுற்றிக் கொடுத்தார்.

மறுநாள் மதுரையிலிருந்து போடிக்கு ரயில். மலையை நோக்கிப் போகிற ரயில் மலையைப் பார்த்துத் தயங்குகிற மாதிரி போயிற்று. ஒரு இடத்தில் இளைஞர்கள் சிலர் இறங்கி, பம்பு செட்டில் முகம் கழுவி, ஓடி வந்து அதே பெட்டியில் ஏறிக்கொண்டார்கள். எங்கள் மலைநாட்டு ரயில் மெதுவாகப் போவது ஏற்றத்தினால். இது சமதரையிலேயே மெதுவாகப் போகிறதே என்று இவர் குறைபட்டார். எதிரே உட்கார்ந்திருந்த பெண், "மெதுவாப் போனா என்ன, போடியோட தண்டவாளம் முடிஞ்சிருது. அதுக்கு மேல எங்க போயிரப் போகுது?" என்று சமாதானம் சொன்னார்.

போடி ஸ்டேஷனில் இறங்கியதுமே மணம் வந்து முட்டியது. தெருவே பாயசம் காய்ச்சுகிற மாதிரி. வாசல்களில் பெண்கள் முறத்தை வைத்துக்கொண்டு ஏலக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தள்ளுவண்டியில் மூட்டை, சைக்கிளில் மூட்டை, எதிரே வருகிறவரின் சட்டையிலும் ஏலக்காய். எங்கள் ஊரில் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் போனால்தான் தேயிலை வாசம் வரும். இங்கே ஒளிந்துகொள்ள முயன்றாலும் விடாது.

அத்தான் ஜீப்போடு வரும்வரை ஏதாவது சாப்பிடலாம் என்று இவர் ஒரு கடையில் போய், "ஒரு பாண் குடுங்க" என்றார். எங்கள் ஊரில் ரொட்டிக்குப் பாண் என்றுதான் பேர்.

"பானையா? அது எதிர்த்த சாரியிலண்ணே" என்றார் கடைக்காரர்.

"பானை இல்ல. பாண். வெட்டிச் சாப்பிடுறது."

"வெட்டிச் சாப்பிடுற பானையா?" என்று அவர் உள்ளே திரும்பி யாரிடமோ யோசனை கேட்டார். கடைசியில் விரலால் காற்றில் ஒரு நீள்சதுரம் வரைந்து காட்டி ரொட்டி வாங்கினோம். அது இனித்தது. பருப்புக் கறியில் தொட்டுச் சாப்பிட முடியாத பாணைப் பாண் என்றே ஒத்துக்கொள்ள முடியாது என்று இவர் தீர்ப்புச் சொன்னார்.

அதைவிட டீ பெரிய சோதனை. இவர் வாழ்நாள் முழுவதும் தேயிலையின் நிறத்தையும் மணத்தையும் பற்றிப் பேசிப் பழகியவர். டீ மாஸ்டர் பித்தளைப் பாய்லரிலிருந்து ஒரு துணிப்பை வழியாக எதையோ இறக்கி, அதைப் பாலில் விட்டு, கைக்கும் கைக்கும் நடுவே நீளமாக ஆற்றிக் கொடுத்தார். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு வெகுநேரம் கண்ணாடித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, டீ நல்லா இல்லையா?"

"பால் நல்லா இருக்கு."

"பெறகென்ன, இன்னொன்னு போடவா?"

இவர் அவசரமாகக் காசைக் கொடுத்தார்.

அத்தான் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. இளைத்துக் கறுத்து, தலையில் துண்டு கட்டி, சுத்தமாக இந்த ஊர் ஆளாகவே மாறியிருந்தார். என் கணவரின் தோளைப் பிடித்து உலுக்கி, "சகலை! ஒரு வழியா வந்துட்டீகளே! வெரசா ஏறுங்க. லோடு ஏறிருச்சு, இனி நிக்கமாட்டான்" என்றார். பேச்சும் மாறியிருந்தது.

லோடு என்றால் உர மூட்டை, அரிசி மூட்டை, அதன்மேல் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், அவர்கள் மேல் எங்களவர்கள் இருவர். பெண் என்ற மரியாதையில் டிரைவர் பக்கத்தில் அரை ஆசனம் எனக்குக் கிடைத்தது. மீதி அரையில் கியர். மடியில் பேய்முகம்.

மலை ஏறுகிறவரை நான் சும்மாதான் இருந்தேன். மலையில் பிறந்தவளுக்கு வளைவு என்ன பயம்? ஆனால் எங்கள் மலையில் வெள்ளைக்காரன் பாதையைச் சீப்பால் வாரி விட்டிருப்பான், பச்சைக்கு நடுவே படிப்படியாகப் போகும். போடிமெட்டுப் பாதை மொட்டைப் பாறையில் நேரே ஏறிற்று. கீழே பார்த்தால் போடி ஒரு கைக்குட்டை அளவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஒரு கையால் வண்டியைத் திருப்பி மறு கையால் சாமி கும்பிட்டார். இரண்டில் எது வண்டியைத் திருப்புகிறது என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பாதி மலையில் ஜீப்பு புகையத் தொடங்கியது.

"எல்லாரும் எறங்குங்க. வண்டி பெருமூச்சு விடுது" என்றார் டிரைவர்.

இறங்கி ஓரத்துச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தோம். வேலைக்குப் போகிற பெண்கள் இதை எதிர்பார்த்தவர்கள் போலத் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். ஒருத்தி எனக்கும் எலுமிச்சை ஊறுகாயோடு ஒரு உருண்டை சோறு வைத்தாள். "மடியில என்னத்தா, கொழந்தையாட்டம் வச்சிருக்கீக?" என்று கேட்டாள். காகிதத்தைப் பிரித்தேன்.

சாப்பாடு நின்றது. ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த டிரைவர் எட்டிப் பார்த்தார். "யக்கா, இது கண்ணேறு கழிக்கிற சாமியா? என் வண்டிக்கு யாரோ கண்ணு வச்சிருக்காங்க. மெட்டு வரைக்கும் முன்னாடி கட்டிக்கிடவா? மேல போனதும் தந்துர்றேன்."

இது செவிட்டுப் பேய் என்று விளக்க இவர் வாயைத் திறந்தார். அத்தான் காலை மிதித்து அடக்கினார். முகத்தை ஜீப்பின் நெற்றியில் கயிறு போட்டுக் கட்டினார்கள். வண்டி ஒரே தட்டில் கிளம்பியது. பின்னால் இருந்தவர்கள் எல்லாம் குலவை போட்டார்கள். ஊற்றிய தண்ணீருக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

மெட்டில் மூடுபனி. அதற்கப்பால் கேரளா. சோதனைச் சாவடியில் நின்ற காக்கிச் சட்டைக்காரர் பனிக்குள்ளிருந்து பாம்புக் கன்னத்தோடு ஒரு முகம் வருவதைப் பார்த்துக் கைவிளக்கைத் தூக்கினார். "இதாரா?" என்றார் மலையாளத்தில்.

"சிலோன் சாமி, சாரே."

அவர் சற்று யோசித்தார். பிறகு, அத்தான் பெயர்த்துச் சொன்னபடி, "நம்ம நாட்டுக்கு வந்தால் நல்லபடியாக இருக்கச் சொல்லு" என்று கம்பைத் தூக்கினார். சிலோனிலிருந்து வந்த எங்கள் மூவரில் கடவுச்சீட்டு இல்லாமல் எல்லைகளைத் தாண்டியது அந்த முகம் ஒன்றுதான்.

அக்கா பாதையிலேயே நின்றிருந்தாள். தலைமேல் மழைக்குப் போட்ட சாக்குக் கொங்காணி, காலில் புகையிலைச் சாறு தடவிய அட்டைக்கடிப் புண். என்னைக் கட்டிப்பிடித்தபோது அவள் மேலெல்லாம் ஏலக்காய் மணத்தது. அழுவாள் என்று நினைத்தேன். என்னைத் தள்ளி நிறுத்திப் பார்த்து, "ஏன்டி இப்படிக் குண்டாயிட்டே? அங்க அரிசிக்கு வரிசைன்னு எழுதினதெல்லாம் பொய்யா?" என்றாள். பிறகுதான் அழுதாள்.

ஏலச்செடிகளுக்கும் பெரிய மரங்களுக்கும் நடுவே தகரம் போட்ட வீடு. அடுப்படியில் உட்கார்ந்து பரிசுகளைப் பிரித்தோம். கண்டி பஸ்ஸின் கதையை நான் சொன்னேன். மாசி போய்விட்டது என்றதும் அக்கா இவரைப் பார்த்த பார்வைக்கு இவர் கூரையைப் பார்த்தார்.

பத்திக் துணியை விரித்தாள். "யானையா? இங்க யானை வந்துரக் கூடாதுன்னு ராத்திரி பூரா தகரம் தட்டுறோம். நீங்க துணியில ஏத்திக் கூட்டிட்டு வந்திருக்கீகளா?"

அடுத்து மரப்பெட்டி. மூடியைத் தள்ளினாள். அவள் கை அப்படியே நின்றது.

"தேயிலையா?"

"ஏர்போட்டுல அதான் மதினி..." என்று இவர் இழுத்தார்.

"கிள்ளிக் கிள்ளி வெரல்ல கறை போகாம இந்தக் கரைக்கு வந்தவ தம்பி நான். எனக்குத் தேயிலையா?" என்று சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. சிரித்துக்கொண்டே பெட்டியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். சிரிப்பு அடங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து பாலை அடுப்பில் வைத்து, வெல்லமும் இரண்டு ஏலக்காயும் தட்டிப் போட்டு, ஒரு கைப்பிடித் தேயிலையை அள்ளினாள். இவர் பாய்ந்து கையைப் பிடித்துவிட்டார்.

"மதினி, கொலை பண்ணாதீக!"

"இங்க இப்படித்தான் குடிக்கிறோம்."

"இது குடிக்கிற தேயிலை. கொதிக்க வைக்கிற தேயிலை இல்ல."

அடுப்படியைவிட்டு அக்காவை வெளியேற்றி, தூக்குச்சட்டியைச் சுடுநீரில் அலசி, தேயிலையைப் போட்டு, தண்ணீரை ஊற்றி மூடி, அதன் பக்கத்தில் வாய் திறக்காமல் காவல் உட்கார்ந்தார். வடித்தபோது செம்புக் காசு மாதிரி நிறம்.

அதற்குள் செய்தி லயம் முழுக்கப் போயிருந்தது. கீழ் லயத்தில் எங்கள் கரையிலிருந்து வந்த குடும்பங்கள் மூன்று உண்டு. ஒவ்வொருத்தராக எதையாவது சாக்கு வைத்து வந்தார்கள். ஒருத்தி நெருப்புக் கேட்டு வந்தாள். ஒருவர் அத்தானிடம் வேலை விஷயம் பேச வந்தார். வந்தவர்கள் எல்லாம் தூக்குச்சட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

பதுளைப் பக்கத்திலிருந்து வந்த காளியம்மா என்பவள் தம்ளரை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்கவில்லை. "இதையா நாம கிள்ளினோம்?" என்றாள்.

"கிள்ளினது இதான். நாம குடிச்சதுதான் வேற" என்றாள் அக்கா. எங்களுக்குச் சம்பளத்தோடு கொடுத்தது கூட்டி அள்ளிய தூள். இந்த மாதிரிச் சரக்கு நேரே கப்பலுக்குப் போய்விடும்.

பிறகு ஒன்று நடந்தது. வலது கையில் தம்ளரோடு எல்லாரும் இடது உள்ளங்கையை நீட்டினார்கள். எங்கள் பக்கம் பால் விடாத வெறுந்தேத்தண்ணி அப்படித்தான் குடிப்போம், உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து நக்கிக்கொண்டு. இந்த ஊரில் வந்து இத்தனை வருஷத்தில் அதை விட்டுவிட்டார்களாம், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள் என்று. அக்கா சீனி டப்பாவை எடுத்து ஒவ்வொரு கையாக வைத்துக்கொண்டே போனாள். அந்த மழைக்குளிரில், விட்டு வந்த தோட்டத்தைத் திட்டாதவர்கள் ஒருவரும் அங்கே இல்லை. கங்காணியைத் திட்டினார்கள், துரையைத் திட்டினார்கள், அட்டையைத் திட்டினார்கள். திட்டிக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள்.

பேய்முகத்தை அக்கா என்ன செய்தாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

காலையில் அவளோடு காய் எடுக்கப் போனேன். தேயிலையில் கை இடுப்புக்கு மேலே வேலை செய்யும். ஏலம் செடியின் காலடியில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குந்தி, சருகை விலக்கி, முற்றியதாகப் பார்த்து எடுக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் என் முழங்கால் கெஞ்சியது.

"அங்க நின்னே செத்தேன். இங்க குந்தியே சாகுறேன். ஒரு மாத்தம் வேணும்ல?" என்றாள் அக்கா. அட்டைகள் மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் இரண்டு மலையிலும் ஒன்றுபோலவே இருந்தன. அவற்றை எந்த அரசாங்கமும் பங்கு பிரிக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டபின், "வா, ஒண்ணு காட்டுறேன்" என்று மேட்டுக்கு அழைத்துப் போனாள். காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னால் சின்ன வீடு. வாசலில் சாணம் தெளித்துக் கூட்டியிருந்தது. உள்ளே அடுப்பு புதிதாகப் போட்டு மெழுகியிருந்தது. நிலைக்கு மேலே எங்கள் பேய்முகம் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு தொங்கியது.

"யார் வீடுக்கா இது?"

"உன் வீடு. ஸ்டோர்ல கணக்கு எழுதுற சோலி தம்பிக்கு. மொதலாளிட்ட உங்க அத்தான் பேசி முடிச்சிட்டாரு. கீழ பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சர் இல்ல, அதையும் கேட்டு வச்சிருக்கேன்." மூச்சு விடாமல் சொன்னாள். "இங்க யாரும் உன் கூரையில கல்லெறிய மாட்டாங்கடி."

"உன்னை இங்க யாரும் ஒண்ணும் சொல்றதில்லையா?"

"கீழ போனா சிலோன்காரி, மேல வந்தா மலையாளிக்குப் பாண்டிக்காரி. சொல்லிட்டுப் போறாங்க. சொன்னா மேல ஒட்டவா போகுது? கல்லு ஒட்டும்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா அப்பா இல்ல. உனக்கொரு பிள்ளை குட்டி இல்ல. அங்க உனக்கு யாருடி இருக்கா?"

நான் நிலைக்கு மேலே தொங்கிய முகத்தைப் பார்த்தேன். யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் இவரை நம்பியிருந்தேன். டீ பிடிக்கவில்லை, பாண் பிடிக்கவில்லை, ஜீப்பு பிடிக்கவில்லை. இவர் நிச்சயம் மாட்டேன் என்பார். அடுத்த நாள் சாயங்காலம் ஸ்டோருக்குள் போனவர் பச்சைத் தூசி படிந்த சட்டையோடு வெளியே வந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

"நல்ல ஸ்டோர்தான். சூட்டைக் கொஞ்சம் கவனிச்சா காய் இன்னும் பச்சையா வரும்" என்றார்.

"உங்களுக்குத்தான் இந்த ஊர் டீயே ஆகாதே."

"டீயை நாம போட்டுக்குவோம்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, சிரிக்காமல், "மூணு நாளா நான் ராத்திரி முழிக்காமத் தூங்குறேன், கவனிச்சியா?" என்றார்.

கவனித்திருந்தேன். அதனால்தான் அதற்கு மேல் கிண்டல் செய்ய முடியவில்லை.

புறப்படுகிற அன்று அக்கா போடி பஸ் நிலையம் வரை இறங்கி வந்தாள். ஒரு பை ஏலக்காயை மடியில் வைத்தாள், ஊறுகாயை வைத்தாள், பஸ் நகர்ந்த பிறகும் ஓடி வந்து ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தை ஜன்னல் வழியே திணித்தாள். "வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்! தீபாவளிக்கு முன்னாடி சொல்லிரு! மொதலாளி அதுக்கு மேல காத்திருக்க மாட்டாரு!" என்று கத்தியது டீசல் புகைக்குள்ளிருந்து கேட்டது.

திருச்சி வரை இவர் பேசிக்கொண்டே வந்தார். இரண்டு மாதத்தில் கணக்கை முடித்துவிடலாம், தட்டுமுட்டுச் சாமானை விற்றுவிடலாம், தையல் மெஷினைக் கப்பலில் போட்டுவிடலாம். நான் வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

விமானத்துக்கு நேரம் இருந்தது. எங்கள் வாழ்க்கையில் அது முதல் தடவை. ஊரில் யாருக்கும் எதுவும் வாங்கவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. "ஏர்போட்டுல..." என்று இவர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கடை என்றால் ஒரு கண்ணாடி அலமாரியும் ஒரு மேசையும்தான். சந்தன யானை, தஞ்சாவூர்த் தட்டு, ராஜாவும் ராணியுமாகத் தலையாட்டிப் பொம்மைகள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். இவர் சாமான்களைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்க, நான் போய் ஒரு பொம்மையை எடுத்துத் தட்டிப் பார்த்தேன்.

"ஊருக்குப் போறீங்களாம்மா, ஊர்ல இருந்து போறீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான். வழக்கமா முகத்தைப் பார்த்தே சொல்லிருவேன். உங்களைப் பார்த்தாத் தெரியல."

"ஊருக்கு" என்றேன்.

யோசிக்கவில்லை. சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

"பொம்மை யாருக்கு, பிள்ளைகளுக்கா?"

"பக்கத்து வீட்டுக்கு. மெனிக்கேன்னு ஒருத்தி."

கல் விழுந்த அன்று பின்பக்கமாக வந்து எங்கள் இருவரையும் தன் அடுப்படிக்கு இழுத்துப் போனவள் மெனிக்கே. வெளியே கூட்டம் வந்து கேட்டபோது, தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையில் துருவலோடு வாசலில் போய் நின்று, ஊரே அதிரும்படி சிங்களத்தில் அவர்கள் அம்மாவையும் அப்பாவையும் விசாரித்தாள். அவள் புருஷன் பின்னால் நின்று, மெதுவாகப் பேசடி என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். கூட்டம் போன பிறகு அதே துருவலில் சம்பல் இடித்து எங்களுக்குப் பாண் கொடுத்தாள். மறுநாள் வழக்கம்போல எங்கள் கோழி அவள் கீரையைக் கொத்தியதற்காக என்னோடு சண்டைக்கு வந்தாள். யார் இருக்கிறார்கள் என்று அக்கா கேட்டபோது, இதை ஒரு பதிலாகச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பினேன். வரிசையை விட்டுவிட்டு இவர் என் பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. முகத்திலிருந்து கப்பல், தையல் மெஷின், ஸ்டோர் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. நான் காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இவர் அலமாரிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். பிறகு, "ஒரு பொம்மையா வாங்கிட்டுப் போனா அவ புருஷன் கோவிச்சுக்க மாட்டானா?" என்றார்.

தன் வாழ்நாளில் முதல் தடவையாக நிதானமாகச் சாமான் வாங்கினார். ராஜா பொம்மையின் மீசை ஒரு பக்கம் கோணல் என்று மாற்றினார். மாற்றியதற்குத் தலை சரியாக ஆடவில்லை என்று முதலாவதையே திரும்பக் கேட்டார். விமானத்துக்கு இரண்டாவது தடவை அழைத்தார்கள். அந்த அம்மா வைக்கோல் வைத்துக் கட்டுவதற்குள் மூன்றாவது தடவையும் அழைத்துவிட்டார்கள். நான் இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

விமானம் கடலுக்கு மேல் வந்துவிட்டது. இவர் என் பையைத் திறந்து, பள்ளிக்கூடத்துக் காகிதம் ஒன்றை எடுத்து, முழங்காலில் வைத்து, 'அன்புள்ள மதினிக்கு' என்று கிளாக்கர் எழுத்தில் அழகாக எழுதினார். பேனாவைக் காற்றில் வைத்துக்கொண்டு கீழே கடலைப் பார்த்தார்.

"மீதியை நீயே எழுதிரு" என்று என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.